துடைத்த படத்தில் ஒரு கரும்புள்ளி

புகார்த்தாளில் நான்கே வரி இருந்தன. "திரையின் நடுவில் கரும்புள்ளி. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில் நிற்கிறது. காலை 6.41 முதல் 6.52 வரை இருந்தது. பிறகு தானாகப் போய்விட்டது."

தானாக வந்து தானாகப் போகும் கோளாறைப்போல, பழுது பார்ப்பவரின் உயிரை வாங்குவது வேறு எதுவும் இல்லை. அந்தக் கண்ணை மேசையில் ஏற்றி நேற்று மதியத்திலிருந்து நாற்பது முறை இயக்கிவிட்டேன். நாற்பது முறையும் படம் பளிங்கு மாதிரி வந்தது.

கண் என்று நாங்கள் சொல்வது போர் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் ஒரு நீள உருளையை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். முனையில் ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே இருக்கும் அகச்சிவப்பு உணர்வி வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. சூடானது வெள்ளையாகவும் குளிர்ந்தது கறுப்பாகவும் தெரியும். இதைச் செய்தது குறி பார்க்கத்தான். விமானத்தின் மூக்கில் இருக்கும் ராடார் தூரத்தில் கப்பல் இருப்பதைச் சொல்லும். இந்தக் கண் அந்தக் கப்பலின் புகைக்குழாய் எது, ஜன்னல் எது என்று காட்டும். ஆனால் நேற்றுக் காலை இது குறி பார்க்கப் போகவில்லை. ஆளைத் தேடப் போனது.

முந்தாநாள் மாலை, விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய இரண்டு இருக்கை விமானம் ஒன்று திரும்பி வரவில்லை. பின் இருக்கையில் இருந்தவரை நேற்று மதியம் ஒரு மீன்பிடிப் படகு எடுத்தது. கடலில் விழும்போதே உயிர் போயிருக்கிறது என்றார்கள். முன் இருக்கையில் இருந்தவர் கிடைக்கவில்லை. அவருடைய இருக்கைக்கு அடியில் ஓர் ஆள் உட்காரும் ரப்பர் தெப்பம் உண்டு. அதில் இருக்கும் ஒலிபரப்பிக் கருவியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அலைக்கு நடுவே அலைந்துகொண்டிருக்கும் ரப்பர் தெப்பம் ராடாருக்குத் தெரியாது. ரப்பரில் பட்டு ராடார் அலை திரும்பாது, திரும்பும் கொஞ்சமும் கடலின் இரைச்சலில் கரைந்துவிடும். அதனால் வெப்பம் பார்க்கும் கண்ணை நம்பித்தான் தேடினார்கள். கடல் வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, தேடி முடித்த சதுரத்தைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார்கள். இன்று சூரியன் மறைந்ததும் தேடல் நிற்கும் என்று உத்தரவு.

இந்தக் கண் பார்த்த சதுரமும் அடிபட்டுவிட்டது. கண் ஒழுங்காக இருந்ததா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒழுங்காக இல்லையென்றால் அந்தச் சதுரத்தைத் திறந்து மறுபடி தேடுவார்கள். இருந்தது என்றால் அவ்வளவுதான்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? அப்படியே எழுதிக் குடுத்துடேன்" என்றார் சூப்பர்வைசர். எதற்கும் முத்திரை இல்லாமல் நகரமாட்டார். பட்டறையில் அவர் பெயரே முத்திரை.

"புள்ளி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம எப்படி சார் எழுதறது?"

"வந்துச்சு, போச்சு. அதுக்கென்ன ஜாதகமா பார்க்கப் போற?"

ஜாதகம் பார்க்கத்தான் நினைத்தேன்.

விமானி புள்ளியைக் கண்ட பிறகு, பழுதுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று படத்தைப் பதிவு செய்திருந்தார். அதைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினேன். உணர்வியில் சில லட்சம் நுண்புள்ளிகள் உண்டு. அதில் ஒன்று செத்துப்போனால் படத்தில் ஒரே ஒரு கட்டம் கறுக்கும். இது அப்படியில்லை, ஏழு கட்டம் நீளம், நாலு கட்டம் அகலம். கண்ணாடி உருண்டையில் தூசியோ உப்போ ஒட்டியிருந்தால் கலங்கலாக, விளிம்பே இல்லாத மேகம் மாதிரி தெரியும். ஏனென்றால் கண் தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும், மூக்குநுனியில் இருப்பதைப் பார்க்காது. இந்தப் புள்ளிக்கோ விளிம்பு சுத்தமாக இருந்தது. அதாவது கண்ணுக்கு வெளியே, தூரத்தில் இருந்த ஏதோ ஒன்றின் உருவம் அது. ஆனால் தூரத்தில் இருப்பது, கண்ணைத் திருப்பினால் படத்தைவிட்டு வெளியே போக வேண்டுமே? இது போகவில்லை.

உள்ளே இருந்தால் கலங்கியிருக்க வேண்டும், வெளியே இருந்தால் நகர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பத்தே முக்கால் மணிக்கு எனக்குத் தலை சுற்றியது. துடைக்கும் துணி வாங்கி வரலாம் என்று ஸ்டோருக்கு எழுந்து போனேன்.

ஸ்டோர் அக்கா அன்று வேலைக்கு வந்திருந்தாள். வராதே என்று எல்லோரும் சொன்னோம். காணாமல் போனவன் அவள் தம்பி. அம்மா போன பிறகு இவள்தான் சோறு போட்டுப் படிக்க வைத்தாள். கழுத்து நீளம் என்பதால் கூடப் பறக்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒட்டகம்.

"வீட்டுல உக்காந்தா சுவரு என்னைப் பார்க்குது, நான் சுவரைப் பார்க்கிறேன். இங்கயாச்சும் எடை போட ஏதாவது இருக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒட்டகம்னு பேர் வெச்சானுங்களேடி. தண்ணி இல்லாம ரெண்டு நாள் தாங்குவான்ல?"

"தாங்குவான்க்கா."

அவள் தராசில் ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் ஈரம் சேராமல் இருக்கப் போடும் மணிகளைப் பொட்டலம் கட்டும் சின்ன மின்தராசு அது. தட்டு காலி. எண் மட்டும் மைனஸ் முப்பத்தெட்டு என்று காட்டியது.

"பாரு இந்தக் கூத்தை. எவனோ தட்டு மேல போல்ட்டை வெச்சுக்கிட்டே ஜீரோவை அமுக்கியிருக்கான். அது என்ன பண்ணும் பாவம், தட்டு காலின்னு நெனச்சுக்கிச்சு. போல்ட்டை எடுத்தப்புறம் மைனஸ் காட்டுது. இருந்தப்ப இல்லைன்னுச்சு. இப்ப இல்லாதப்ப, பள்ளமா காட்டுது."

நான் துணியை வாங்காமலே நின்றேன்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி?"

"அக்கா, அதைத் தொடாத. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தராசுக்கு ஜீரோ எப்படியோ, கண்ணுக்குத் துடைப்பு அப்படி. லட்சம் நுண்புள்ளிகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே சூட்டைப் பார்த்தாலும் ஒன்று கொஞ்சம் கூட்டிச் சொல்லும், ஒன்று குறைத்துச் சொல்லும். நேரம் ஆக ஆகப் படத்தில் மணல் தூவியது மாதிரி பொரிந்துவிடும். அப்போது விமானி ஒரு பொத்தானை அமுக்குவார். உணர்விக்கு முன்னால் ஒரு சின்னத் தகடு வந்து மூடும். தகடு முழுக்க ஒரே சூடு. "எல்லாரும் இப்போது ஒன்றையேதான் பார்க்கிறீர்கள், உங்களுக்குள் இருக்கும் வித்தியாசமெல்லாம் உங்கள் குறை" என்று கருவி கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளியின் குறையையும் கழித்துவிடும். இரண்டு நொடியில் தகடு விலகும், படம் சுத்தமாகிவிடும். விமானிகள் இதைத் துடைக்கிறது என்பார்கள்.

தகடு வந்து மூடவில்லை என்றால்? கருவிக்கு அது தெரியாது. தகட்டை நகர்த்தும் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே அது சோதிக்கும். முன்னால் இருப்பது தகடு என்று நம்பி, உண்மையில் அந்த நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடும். கடல் ஏறக்குறைய ஒரே சூடு என்பதால் படம் சுத்தமாகவே வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த இரண்டு நொடியில் நடுவில் சூடான பொருள் ஒன்று இருந்தால், அதன் சூட்டையும் குறை என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும். பொருள் படத்திலிருந்து மறையும். கண்ணைத் திருப்பினால், அது இருந்த கட்டங்களில் அடுத்த துடைப்பு வரை கழித்தது கழித்தபடியே நிற்கும். கறுப்பாக. அதே வடிவத்தில். அதே இடத்தில்.

விமானிகள் தங்கும் அறைக்குப் போன் செய்தேன். நேற்று இந்தக் கண்ணோடு தேடப் போனவன் எடுத்தான். மூக்கன் என்று கூப்பிடுவார்கள், தூக்கமில்லாத குரல்.

"தம்பி, நேத்து ஆறு நாப்பத்தொண்ணுக்கு நீங்க துடைச்சீங்களா?"

"துடைச்சிருப்பேன்க்கா. ஏன்?"

"எதுக்குத் துடைச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒரு வெள்ளைப் பொரி மாதிரி இருந்துச்சு. அலையில வெயில் பட்டா, பறவை உக்காந்தா, அப்படி நூறு பொரி தெரியும்க்கா. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதான்: சந்தேகமா இருந்தா நடுவுல கொண்டாந்து வை, துடை, அப்புறம் பாரு. நானும் நடுவுல வெச்சுத் துடைச்சேன். துடைச்சதும் போயிருச்சு. பொரிதான்னு விட்டுட்டேன். அப்புறம்தான் அந்தக் கரும்புள்ளி..." நிறுத்தினான். "அக்கா. ஏன் கேக்கறீங்க?"

"வந்து பேசறேன் தம்பி. உங்க தப்பு இல்ல. போனை வெச்சுடாதீங்க, பக்கத்துலயே இருங்க."

முத்திரையை இழுத்துக்கொண்டு வந்து கண்ணைத் தள்ளுவண்டியோடு பட்டறை வாசலுக்கு உருட்டினேன். ஓடுபாதைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில், கம்பத்தின் உச்சியில் ஓர் எச்சரிக்கை விளக்கு. திரையில் வானத்துக்கு எதிரே குட்டி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. தகட்டு மோட்டாரிலிருந்து தகட்டுக்குப் போகும் இணைப்பைக் கழற்றினேன். விளக்கை நடுவில் வைத்துத் துடைத்தேன்.

விளக்கு காணாமல் போனது.

"எங்கம்மா போச்சு?" என்றார் முத்திரை, திரையை விட்டுவிட்டு நிஜ விளக்கை எட்டிப் பார்த்து.

கண்ணை வெறும் வானத்துக்குத் திருப்பினேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. கண்ணை இடம் வலமாக ஆட்டினேன். அது அசையவில்லை.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றைய பதிவை நிறுத்திவைத்திருந்த பக்கத்துத் திரையையும் பார்த்தார். அதில் ஏழுக்கு நாலு கட்டம்.

"இது... அப்ப அது..."

"தெப்பம் சார். உள்ள ஆள் இருந்தாத்தான் அவ்வளவு சூடு இருக்கும். காலித் தெப்பம்னா கடல் சூட்டோட கலந்து போயிருக்கும்."

முதன்முறையாக அவர் முத்திரையைத் தேடவில்லை. போனைத்தான் தேடினார்.

இடத்தையும் கண்ணே சொன்னது. ஒவ்வொரு துடைப்புக்கும் அதன் நினைவுப் பெட்டியில் ஒரு வரி விழும்: நேரம், அந்த நேரம் கண் நிலைத்திருந்த இடம். 6.41க்கு எதிரே இருந்த எண்களை நான் வாசிக்க, முத்திரை போனில் திருப்பிச் சொன்னார். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு முறை வாசித்தேன். 6.52க்கு எதிரே இன்னொரு துடைப்பு இருந்தது; புள்ளி தானாகப் போகவில்லை. நேற்றுக் காலையிலிருந்து இருபத்தொன்பது மணிநேரம் ஓடியிருந்தது. காற்றும் நீரோட்டமும் தெப்பத்தை எங்கே தள்ளியிருக்கும் என்று கடல்நிலைப் பிரிவு கணித்தது: வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர். தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு அது நேர் எதிர்ப்பக்கம். பன்னிரண்டே காலுக்கு ஹெலிகாப்டர்கள் அந்தப் பக்கம் திரும்பின.

இனி நான் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் தகடு ஏன் மூடவில்லை என்ற கேள்வி நின்றது. மேசையில் நாற்பது முறையும் டிக் என்று சத்தத்தோடு மூடிய தகடு, வானத்தில் ஏன் மூடவில்லை? மேசைக்கும் வானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டால் பதில் ஒன்றுதான்: குளிர். அந்த விமானம் ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் நாற்பதில், முக்கால் மணிநேரம் பறந்துவிட்டுத்தான் தேட இறங்கியது. இறங்கினாலும் உள்ளே ஏறிய குளிர் உடனே போகாது. இணைப்பை மறுபடி மாட்டி, கண்ணின் முன்பகுதியைக் கழற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்து மைனஸ் நாற்பதுக்குத் திருகினேன்.

அக்கா வந்து பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நேத்துக் காலையில இருந்திருக்கான்."

"இருந்திருக்கான்க்கா."

"அந்தப் புள்ளிதான் அவனா?"

"அவன் சூடு."

காட்டச் சொன்னாள். காட்டினேன். விரலைத் திரையில் வைக்காமல், ஒரு இஞ்ச் தள்ளி அந்தரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

இரண்டு மணிக்கு வெளியிலிருந்து பொத்தானை அமுக்கினேன். மோட்டார் முனகியது. டிக் வரவில்லை. மறுபடி. முனகல் மட்டும். பெட்டியின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு பாதி வழியில்கூட இல்லை. கிளம்பிய இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் அச்சைச் சுற்றி கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஸ்டோர்ப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு வாரத்துக்கு முன், வழக்கமான கிரீஸ் வராததால் வேறு டப்பா கொடுக்கப்பட்டது என்று இருந்தது. டப்பாவை எடுத்து முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மைனஸ் இருபது வரை என்றிருந்தது. கொடுத்தவர் கையெழுத்து அக்காவுடையது. வாங்கிப் பூசியவர் கையெழுத்து என்னுடையது. பூசிய பிறகு மேசையில் சோதித்து, சரி என்று எழுதியதும் நான்தான். அறைச்சூட்டில் சோதித்தேன். கண் அறையில் பறப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

இதுவரை ஏன் பிடிபடவில்லை என்பதும் விளங்கியது. மற்ற நாட்களில் விமானிகள் கிளம்பியதும் வெறும் வானத்தைப் பார்த்துத் துடைப்பார்கள். வெறும் வானமும் ஒரு தகடு மாதிரிதான். தேடும் நாளில் மட்டும்தான் ஆளை நடுவில் வைத்துத் துடைக்கிற பழக்கம்.

பதிவேட்டை அக்கா முன் திருப்பி வைத்தேன். மறைக்க மனம் வரவில்லை.

அவள் வெகுநேரம் படித்தாள். இரண்டு வரிதான்.

"இது நான் எடுத்துக் குடுத்ததா?"

"ஆமாக்கா. நான் பூசினது."

"பின்னாடி எழுதியிருக்கறதை நான் படிக்கல."

"நானும் படிக்கல."

அவள் டப்பாவின் மூடியை இறுக்கினாள், ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை. "அவன் தலைக்கு மேலதான் போயிருக்கான் மூக்கன். இவன் அண்ணாந்து பார்த்திருப்பான். கையைக் காட்டியிருப்பான்." குளிர்பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. முத்திரை எடுத்தார். "சொல்லுங்க சார்... சொல்லுங்க... சரி... சரி..." என்று நாலு சரி சொன்னார். ஐந்தாவது சரியில் குரல் உடைந்தது. எங்கள் பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்தாமலே, "ஆரஞ்சுத் தெப்பம். உள்ள ஆள். கையைத் தூக்குறான்" என்றார்.

அக்கா எழவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி குடுத்தாங்களான்னு கேளுங்க சார்."

"ஏம்மா, இப்பதான்..."

"கேளுங்க."

கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும், உதடு வெடித்திருக்கிறது, பேச்சு வரவில்லை, ஒரு கால் உணர்ச்சியில்லாமல் இருக்கிறது என்று பதில் வந்தது. அக்கா அதற்குத் தலையாட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் காலை பின் இருக்கைக்காரரின் இறுதிச் சடங்கு. பட்டறை மொத்தமும் போய் நின்றோம். அவர் மனைவி யாரையும் பார்க்கவில்லை. மூக்கன் எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றான். திரும்பும்போது, "உங்க தப்பு இல்லன்னு நேத்துச் சொன்னீங்கக்கா" என்றான். "ஆமா. என் தப்பு" என்றேன். அவன் கூடவே நடந்து வந்தான்.

பதிவேட்டின் நகலோடு என் பெயரில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி முத்திரையிடம் கொடுத்தேன். அக்கா, கேட்காமலே, தன் பெயரையும் அடியில் எழுதினாள். என்ன நடவடிக்கை என்பது மேலே இருப்பவர்கள் பாடு. அந்தக் கிரீஸ் பூசிய மற்ற இரண்டு கண்களையும் அன்று மாலைக்குள் இறக்கிக் கழுவினோம். பிறகு ஒரு தாளில் எழுதி, ஒரு நகலைப் பட்டறைச் சுவரிலும் ஒரு நகலை விமானிகள் அறையிலும் ஒட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"தகட்டின் அச்சுக்கு மைனஸ் ஐம்பத்தைந்து வரை இளகியிருக்கும் கிரீஸ் மட்டும். பூசிய பின் கண்ணை மைனஸ் நாற்பதில் இரண்டு மணிநேரம் வைத்து, வெளியே எடுத்ததும் குளிர் போகும் முன் தூரத்து விளக்கு ஒன்றை நடுவில் வைத்துத் துடைக்கவும். துடைத்த பிறகும் விளக்கு தெரிந்தால் தகடு மூடுகிறது. விளக்கு மறைந்தால் மூடவில்லை, பறக்க அனுப்பாதீர்கள். விமானிகளுக்கு: சந்தேகமான புள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு துடைக்காதீர்கள். முதலில் வெறும் வானத்துக்குத் திருப்பித் துடையுங்கள், பிறகு புள்ளிக்குத் திரும்பி வாருங்கள். எப்போதாவது திரையோடு ஒட்டிய கரும்புள்ளி தெரிந்தால், கடைசியாகத் துடைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரம் கண் பார்த்த இடத்துக்கு உடனே திரும்பிப் போங்கள். அங்கே சூடான ஏதோ ஒன்று இருக்கிறது."